ரியூ கன்ட்ரோலர்ல பாக்கெட்-இன் ஹேண்ட்லரை யார் கூப்பிடுறாங்க?

#1 கயல்_எஸ்டிஎன்

எல்லாருக்கும் வணக்கம். எம்.இ ப்ராஜெக்டுக்கு ரியூ கன்ட்ரோலர்ல (நெட்வொர்க் ஸ்விட்சுகளை ஒரே இடத்துலேருந்து ஆட்டுவிக்கிற பைத்தான் மென்பொருள்) டிடாஸ் தாக்குதலைக் கண்டுபிடிக்கிற ஒரு ஆப் எழுதிட்டு இருக்கேன். அடிப்படைக்கு அதோட கூடவே வர்ற சிம்பிள்_ஸ்விட்ச்_13 கோடை எடுத்துக்கிட்டேன். மினிநெட்ல (ஒரே கணினிக்குள்ள போலி நெட்வொர்க் கட்டித் தர்ற கருவி) ஓடுது, பிங் போகுது. ஆனா எப்படி ஓடுதுன்னுதான் பிடிபடல.

என்ன செய்யன்னு தெரியாத பாக்கெட்டை ஸ்விட்ச் கன்ட்ரோலருக்கு அனுப்புற மெசேஜ்தான் பாக்கெட்-இன். அது வந்தா ஓட _பாக்கெட்_இன்_ஹேண்ட்லர்னு ஒரு மெத்தட் இருக்கு. அதை யாருமே கூப்பிடல. ரியூ முழுசையும் கிரெப் போட்டுத் தேடிட்டேன், அந்தப் பேர் எழுதின இடத்தைத் தவிர வேற எங்கயும் வரல. சரி, அதுக்கு மேல இருக்கிற ஈவென்ட்-ஓஎஃப்பி-பாக்கெட்இன் கிளாஸையாவது பார்ப்போம்னு ஓஎஃப்பி_ஈவென்ட் ஃபைலைத் திறந்தா, அப்படி ஒரு கிளாஸே உள்ளே இல்லை! இல்லாத கிளாஸ் எப்படி இம்போர்ட் ஆகுது?

எனக்கு சி, ஜாவாதான் பழக்கம். மெயின்ல ஆரம்பிச்சு கீழே வரைக்கும் படிச்சா புரியும்னு இருந்தேன். அடுத்த ரிவியூல இதைத்தான் கேட்பாங்க.

இன்னொண்ணு: ஹெச்பிங்3 வச்சு வெள்ளமா பாக்கெட் விட்டா, கொஞ்ச நேரத்துல ஸ்விட்ச் கன்ட்ரோலரை விட்டுக் கழண்டுடுது, அப்புறம் தானா திரும்ப வந்து ஒட்டிக்குது. இது தனி இழையா போடணுமான்னு தெரியல.

#2 பைத்தான்பாண்டி

தனி இழை வேண்டாம்மா, இங்கேயே கிடக்கட்டும். முதல் கேள்வியோட பாதிக்கு நான் பதில் சொல்றேன், மீதியை நெட்வொர்க் ஆளுங்க பார்த்துக்கட்டும்.

மெத்தட் தலைமேல அட் குறி போட்டு செட்_இவி_சிஎல்எஸ்னு ஒரு வரி இருக்குல்ல? அது டெகரேட்டர். பொதுவா டெகரேட்டர்னா ஃபங்ஷனை உள்ளே வச்சு மூடி வேற ஒரு ஃபங்ஷனைத் திருப்பித் தரும்னு பாடத்துல படிச்சிருப்பீங்க. இது அதைச் செய்யாது. உங்க மெத்தடை அப்படியே திருப்பித் தந்துடும். போற போக்குல அந்த மெத்தட் மேல காலர்ஸ்னு ஒரு டிக்‌ஷனரியை ஒட்டிட்டுப் போகும், அவ்வளவுதான். அதுல எந்த ஈவென்ட், எந்தெந்த நிலை, அந்த ஈவென்ட் எந்த மாட்யூல்லேருந்து வருது, இந்த மூணும் இருக்கும்.

அந்த வரி ஓடுறப்ப உங்க கிளாஸுக்கு இன்ஸ்டன்ஸ்கூட பிறந்திருக்காது. அதனால அந்த நேரத்துல எதையும் பதிவு பண்ணவே முடியாது. வெறும் சீட்டு ஒட்டுறதுதான். அந்தச் சீட்டை யார் படிக்கிறாங்கன்னு தேடுங்க. மெத்தட் பேரை விட்டுட்டு காலர்ஸ்னு கிரெப் போட்டுப் பாருங்க, வண்டி நகரும்.

#3 தறி

பாண்டி சொன்ன இடத்திலிருந்தே தொடர்கிறேன்.

அந்தச் சீட்டைப் படிக்கிற இடம் இரண்டு. உங்கள் ஆப்பின் இன்ஸ்டன்ஸ் உருவானதும் ரெஜிஸ்டர்_இன்ஸ்டன்ஸ் என்ற ஃபங்ஷன் அதன் மெத்தடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கும். காலர்ஸ் ஒட்டியிருந்தால், "இந்த ஈவென்ட் வந்தால் இந்த மெத்தட்" என்று அந்த ஆப்புக்குள்ளேயே எழுதி வைக்கும். இது ஆப்பின் உள்கணக்கு.

அடுத்தது ஆப்_மேனேஜர். எல்லா ஆப்பும் ஏறிய பிறகு, அதே சீட்டிலிருந்து "இந்த ஈவென்ட் எங்கே பிறக்கிறது" என்பதை எடுத்து, பிறக்கும் இடத்துக்குப் போய், "உன்னிடம் இது வந்தால் அந்த ஆப்புக்கும் ஒன்று அனுப்பு" என்று சொல்லி வைக்கும். ரியூ இதற்கு அப்சர்வர் என்று பெயர் வைத்திருக்கிறது. உங்கள் பாக்கெட்-இன் விஷயத்தில் பிறக்கும் இடம் ஓஎஃப்பி_ஈவென்ட் என்ற பெயரில் ரியூவே ஏற்றி வைத்திருக்கும் ஓஎஃப்பி-ஹேண்ட்லர் ஆப். நீங்கள் கேட்காமலே அது ஏறிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ரியூ-மேனேஜரை வெர்போஸ் கொடியோடு ஓட்டுங்கள். தொடக்கத்தில் பிரிக் என்று தொடங்கும் வரிகள் வரும். ஓஎஃப்பி_ஈவென்ட் என்ற பிரிக்கின் கீழே "ப்ரொவைட்ஸ் பாக்கெட்-இன், டு சிம்பிள்ஸ்விட்ச்13, மெயின்" என்ற கணக்கில் ஒரு வரி இருக்கும். உங்கள் ஆப்பின் கீழே "கன்ஸ்யூம்ஸ் பாக்கெட்-இன்" இருக்கும். யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார், எந்த நிலையில் என்ற மொத்த வயரிங்கும் அந்தப் பத்துப் பதினைந்து வரிகளில் வந்துவிடும். ரிவியூவுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

காணாமல் போன கிளாஸ்: ஓஎஃப்பி_ஈவென்ட் ஃபைலில் அது எழுதப்படவே இல்லை, ஓடும்போது உற்பத்தியாகிறது. ஓப்பன்ஃப்ளோ (கன்ட்ரோலரும் ஸ்விட்சும் பேசிக்கொள்ளும் மொழி) பார்சரில் இருக்கும் ஒவ்வொரு மெசேஜ் கிளாஸின் பெயரையும் எடுத்து, முன்னால் "ஈவென்ட்" என்று சேர்த்து, பைத்தானின் டைப் ஃபங்ஷனால் புது கிளாஸ் செய்து, குளோபல்ஸில் போட்டுவிடுகிறார்கள். ஓஎஃப்பி-பாக்கெட்இன் என்ற மெசேஜ் இருப்பதால் ஈவென்ட்-ஓஎஃப்பி-பாக்கெட்இன் பிறக்கிறது. எடிட்டரில் "டெஃபினிஷனுக்குப் போ" என்று அழுத்தினால் எங்கேயும் போகாது. என்னைக் கேட்டால், படிப்பவருக்கு இது ஒரு கொடுமை. ஐம்பது வரி கூடுதலாகப் போனாலும் கையால் எழுதியிருக்கலாம்.

#4 வடக்குவாசல்

கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில்தான், இருந்தாலும் சொல்றேன். ரியூவுல புது ரிலீஸ் வந்து வருஷக்கணக்காச்சு. ஓப்பன்ஸ்டாக் ஆளுங்க அதைப் பிரிச்சு ஓஎஸ்-கென்னு தனியா வச்சிருக்காங்க. இப்ப தொடங்குற ஆள் ஓனோஸ் (ஜாவாவுல எழுதின இன்னொரு கன்ட்ரோலர்) படிக்கலாமே? அங்கே பாக்கெட்-ப்ராசஸர்னு ஒரு இன்டர்ஃபேஸ், நீங்களே ஆட்-ப்ராசஸர்னு கூப்பிட்டு முன்னுரிமை எண்ணோட பதிவு பண்றீங்க. மாயம் மந்திரம் ஒண்ணும் கிடையாது. ஜாவா பழக்கம்னு வேற சொல்றீங்க.

#5 கயல்_எஸ்டிஎன்

@வடக்குவாசல் அண்ணா, சினாப்சிஸ்ல ரியூன்னு எழுதிக் கையெழுத்து வாங்கியாச்சு, இனி மாத்த முடியாது :)

@தறி சார், வெர்போஸ் போட்டுப் பார்த்தேன், நீங்க சொன்ன மாதிரியே வரி வருது. இப்ப ஒரு குடைச்சல். டெகரேட்டர்ல ரெண்டாவதா மெயின்_டிஸ்பாட்சர்னு ஒண்ணு கொடுக்கிறோமே, அது என்ன? சோதனைக்காக அதைக் கான்ஃபிக்_டிஸ்பாட்சர்னு மாத்தினேன். எரர் வரல, வார்னிங் வரல, ஆனா ஹேண்ட்லர் ஒரு தடவைகூட ஓடல. தப்புன்னா திட்டவாவது வேண்டாமா?

#6 தறி

திட்டாது. ரியூவைப் பொறுத்தவரை அது தப்பே இல்லை. "இந்த நிலையில் வந்தால் மட்டும் எனக்குச் சொல்" என்று கேட்டிருக்கிறீர்கள், அந்த நிலையில் அது வரவில்லை, அதனால் சொல்லவில்லை.

டிஸ்பாட்சர் என்ற பெயர்தான் குழப்புகிறது. அது எதையும் அனுப்புவதில்லை. ஒரு ஸ்விட்சோடு கன்ட்ரோலருக்கு இருக்கும் இணைப்பு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதன் பெயர் அது. நான்கு கட்டங்கள்: ஹேண்ட்ஷேக், கான்ஃபிக், மெயின், டெட். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு டேட்டாபாத் ஆப்ஜெக்ட் உண்டு, அதில் ஸ்டேட் என்று ஒரு மதிப்பு.

ஸ்விட்ச் டிசிபியில் வந்து சேர்ந்ததும் ஹேண்ட்ஷேக். இரண்டு பக்கமும் ஹலோ சொல்லி எந்த ஓப்பன்ஃப்ளோ பதிப்பில் பேசுவது என்று முடிவாகும். முடிந்ததும் ஓஎஃப்பி-ஹேண்ட்லர் "உன் விவரம் சொல்" என்று ஃபீச்சர்ஸ் ரிக்வெஸ்ட் அனுப்பிவிட்டு நிலையைக் கான்ஃபிக் ஆக்கும். அதற்குப் பதிலாக ஸ்விட்ச் அனுப்புவதுதான் ஃபீச்சர்ஸ் ரிப்ளை. உங்கள் கோடில் ஸ்விட்ச்_ஃபீச்சர்ஸ்_ஹேண்ட்லர் ஏன் கான்ஃபிக்_டிஸ்பாட்சரோடு இருக்கிறது என்பது இப்போது புரியும். 1.3 பதிப்பில் இதற்குப் பிறகு போர்ட் விவரங்களையும் கேட்டு, அந்தப் பதிலின் கடைசித் துண்டு வந்தபின்தான் நிலை மெயின் ஆகும். பாக்கெட்-இன், போர்ட் ஸ்டேட்டஸ் எல்லாம் அங்கேதான்.

நிலை மாறும்போதெல்லாம் ஸ்டேட்-சேஞ்ச் என்று தனி ஈவென்ட் கிளம்பும். ஸ்விட்ச் வந்ததும் போனதும் தெரிய வேண்டுமென்றால் அதை மெயின், டெட் இரண்டுக்கும் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே வரும் சிம்பிள்_மானிட்டர்_13 அப்படித்தான் செய்கிறது.

கோடைப் படிக்கும்போது பலர் விட்டுவிடும் ஒரு இடம்: ஈவென்ட் உங்கள் ஆப்புக்கு வரும்போது தனியாக வருவதில்லை, (ஈவென்ட், நிலை) என்ற ஜோடியாக வருகிறது. அந்த நிலை, மெசேஜ் வந்து சேர்ந்த நேரத்து நிலை. உங்கள் ஹேண்ட்லர் அதைக் கையில் எடுக்கும்போது ஸ்விட்ச் போயே போயிருக்கலாம். அப்போது நீங்கள் அனுப்பும் ஃப்ளோ-மாட் (ஸ்விட்சில் ஃப்ளோ, அதாவது 'இப்படிப்பட்ட பாக்கெட்டை இப்படிக் கையாள்' என்ற விதி, போடச் சொல்லும் மெசேஜ்) குப்பைக்குத்தான் போகும், லாகில் ஒரு வார்னிங் மட்டும் விழும். உங்கள் ஸ்விட்ச் கழன்று விழும் கதையில் அந்த வார்னிங் கண்ணில் பட்டதா?

#7 யாழ்_பாக்கெட்

இடையில் புகுறதுக்கு மன்னிக்கோணும். நான் பார்த்த பழைய 1.0 கோடில் உந்த ஃபீச்சர்ஸ் ஹேண்ட்லரே இல்லை, ஆனா பாக்கெட்-இன் ஒழுங்கா வந்தது. 1.3 இல் அதை எடுத்துவிட்டால் ஒண்டுமே வருகுதில்லை. ஏன்?

#8 தறி

@யாழ்_பாக்கெட் ஈவென்ட் கோடில் வித்தியாசம் இல்லை, ஓப்பன்ஃப்ளோவில் இருக்கிறது. 1.0 இல் எந்த ஃப்ளோவோடும் பொருந்தாத பாக்கெட் தானாகவே கன்ட்ரோலருக்கு வரும். 2012 இல் வந்த 1.3 இல் அப்படியில்லை. டேபிள்-மிஸ் என்று முன்னுரிமை 0 இல் ஒரு ஃப்ளோ இருந்தால்தான் அது சொல்கிறபடி நடக்கும், இல்லையென்றால் பாக்கெட் கீழே விழும். ஃபீச்சர்ஸ் ஹேண்ட்லர் செய்வது அந்த ஒரு ஃப்ளோவைப் போடுவதுதான்: எதோடும் பொருந்தும் மேட்ச், கன்ட்ரோலருக்கு அனுப்பு என்ற ஆக்‌ஷன். அதை நீக்கினால் பாக்கெட்-இன் பிறக்கவே பிறக்காது.

#9 பைத்தான்பாண்டி

இப்ப த்ரெட் பக்கம் வருவோம், ஏன்னா ரெண்டாவது கேள்விக்கு வழி அதுலதான் இருக்கு.

ஒவ்வொரு ரியூஆப்புக்கும் சொந்தமா ஒரு க்யூ, அந்த க்யூவுலேருந்து எடுத்து வேலை பார்க்க ஒரே ஒரு த்ரெட். ரேஷன் கடை மாதிரின்னு வச்சுக்குங்க: கடைக்கு ஒரு வரிசை, எடை போட ஒரே ஆள். _ஈவென்ட்_லூப்னு ஆப்_மேனேஜர்ல பாருங்க, இருபது முப்பது வரிதான். க்யூவுல இருந்து ஒண்ணு எடு, அதுக்கு என்னென்ன ஹேண்ட்லர்னு பாரு, வரிசையா கூப்பிடு. கயல் கேட்ட "யார் கூப்பிடுறாங்க" கேள்விக்கு நேரடி பதில் அந்த லூப்புக்குள்ள இருக்கிற ஹேண்ட்லர்(இவி)ங்கிற ஒரு வரி. மெத்தட் பேரைச் சொல்லிக் கூப்பிடாம வேரியபிள் வழியா கூப்பிடுறதாலதான் கிரெப்ல மாட்டல.

அந்த வரியைச் சுத்தி ட்ரை-எக்செப்ட் இருக்கு. அதனால உங்க ஹேண்ட்லர்ல எக்செப்ஷன் வந்தா ஆப் சாகாது. லாக்ல பேக்ட்ரேஸ் கொட்டிட்டு அடுத்த ஈவென்டுக்குப் போயிடும். நல்லதுதான், ஆனா ஆபத்தும்கூட. ஹேண்ட்லர் பாதியிலயே விழுந்துட்டு இருக்கும், ஆப் ஓடிட்டுதான் இருக்கும், லாகைப் பார்க்காதவங்களுக்கு "சில பாக்கெட் மட்டும் போகல"ன்னுதான் தெரியும்.

ஒரே த்ரெட்ங்கிறதால எந்த மேக் முகவரி எந்தப் போர்ட்லன்னு குறிச்சு வைக்கிற மேக்_டு_போர்ட் டிக்‌ஷனரிக்கு லாக் போட வேண்டிய அவசியம் இல்லை. ஆனா ஹப்-ஸ்பான் போட்டு நீங்களா இன்னொரு லூப் கிளப்பினா கதை வேற. டிக்‌ஷனரியைச் சுத்திட்டு இருக்கிறப்ப நடுவுல ஹப்-ஸ்லீப் வந்தா, அந்த இடைவெளியில ஹேண்ட்லர் அதையே மாத்திடும், உடனே "சுத்தும்போது அளவு மாறிடுச்சு"ன்னு பைத்தான் கத்தும்.

#10 தறி

ரேஷன் கடை ஒரு இடத்தில் உதைக்கும், பாண்டி. அங்கே ஒரு கடையில் எடை போடுபவர் தூங்கினால் அடுத்த தெருக் கடை நடக்கும். இங்கே இவை நிஜ த்ரெட்கள் இல்லை. ஈவென்ட்லெட்டின் கிரீன் த்ரெட்கள். முழு ரியூவுக்கும் ஒரே சிபியு கோர், ஒரு நேரத்தில் ஒருவர்தான். கையில் இருப்பதை அவராக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்தவருக்கு. ஸ்லீப், சாக்கெட், க்யூவில் காத்திருப்பு, இப்படி எங்காவது நின்றால் விட்டுக்கொடுப்பார். கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தால் விடமாட்டார். ரியூ-மேனேஜர் தொடக்கத்திலேயே பைத்தானின் டைம், சாக்கெட் போன்றவற்றை மங்கி-பேட்ச் செய்துவிடுவதால் (ஓடும்போதே ஈவென்ட்லெட்டின் பதிப்பால் மாற்றிவிடுவதால்) சாதாரண டைம்-ஸ்லீப் கூட விட்டுக்கொடுக்கும். சி மொழியில் எழுதிய நூலகங்களுக்குள் நடக்கும் கணக்கு விடாது.

அடுத்தது, மெசேஜ் எந்த வழியாக வருகிறது என்பது. கன்ட்ரோலர் ஃபைலில் டேட்டாபாத் கிளாஸின் _ரெசிவ்_லூப்பைப் படியுங்கள். ரியூவைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு ஃபங்ஷனைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் அதைத்தான் படிக்கச் சொல்வேன். ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு ரெசிவ் லூப். சாக்கெட்டிலிருந்து பைட்களை எடுக்கும், ஒரு முழு மெசேஜ் சேர்ந்ததும் பார்ஸ் செய்து ஈவென்ட் ஆக்கும். பிறகு இரண்டு காரியம். முதலில் அப்சர்வர்களாகிய ஆப்களின் க்யூவில் போடும். அடுத்து, ஓஎஃப்பி-ஹேண்ட்லரின் சொந்த மெத்தடுகளை க்யூ எதுவும் இல்லாமல் அங்கேயே நேரடியாகக் கூப்பிடும்.

ஆக இரண்டு பாதைகள். ஹலோ, எக்கோ ('உயிரோடு இருக்கிறாயா' என்ற விசாரிப்பு), நிலை மாற்றம் எல்லாம் நேர்ப் பாதை. உங்கள் பாக்கெட்-இன் க்யூ பாதை. "ஆப் மெதுவாக இருந்தாலும் எக்கோவுக்குப் பதில் போய்விடும், ஸ்விட்ச் கழலாது" என்று பலர் நம்புவது இதனால்தான். ஒரு எல்லைவரை அது சரி. ஆனால் ஆப்பின் க்யூ அளவு 128. அது நிறைந்தால் போட வந்தவர் ஒரு செமஃபோரில் (இடம் காலியாகும்வரை நிறுத்தி வைக்கும் பூட்டு) நிற்பார். போட வந்தவர் யார்? அதே ரெசிவ் லூப்! அவர் நின்றால் அந்த ஸ்விட்சின் எக்கோவையும் யாரும் படிக்க மாட்டார்கள்.

அந்த லூப்பின் கடைசியில் இன்னொரு வேடிக்கை உண்டு. 2048 மெசேஜ் தாண்டினால் ஹப்-ஸ்லீப்(0) போட்டு மற்றவர்களுக்கு இடம் விடுகிறார்கள். மேலேயே கமென்ட்: இந்த வரம்பு ஏதோ ஒரு எண்தான், பின்னால் நல்ல வழி பார்க்க வேண்டும் என்று. அந்தப் "பின்னால்" வரவில்லை.

கயல், உங்கள் ஹேண்ட்லரில் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள். மேட்ச் எதன் மேல்? தாக்குதல் என்று தெரிந்ததும் என்ன?

#11 கயல்_எஸ்டிஎன்

சார், ஹேண்ட்லர்ல இதுதான் நடக்குது. பாக்கெட்லேருந்து மூல ஐபி, இலக்கு ஐபி எடுக்கிறேன். கடைசியா வந்த பாக்கெட்களோட இலக்கு ஐபிகளை வச்சு என்ட்ரோபி (முகவரிகள் எவ்வளவு சிதறிக் கிடக்குங்கிற அளவு) கணக்குப் போடுறேன். அதோட இன்னும் சில அளவுகளையும் சேர்த்து சைக்கிட்-லேர்ன்ல பயிற்சி கொடுத்த எஸ்விஎம் (தரவை வகை பிரிக்கிற மெஷின் லேர்னிங்) மாடலுக்கு அனுப்பி ப்ரெடிக்ட் பண்றேன். இயல்புன்னு வந்தா ஃப்ளோ போட்டு பாக்கெட்-அவுட் (கையில இருக்கிற பாக்கெட்டை ஸ்விட்ச் வழியா வெளியே விடுறது). தாக்குதல்னு வந்தா லாக்ல எழுதிட்டு ரிட்டர்ன். மேட்ச்ல மூல ஐபி, இலக்கு ஐபி ரெண்டும் இருக்கு, ஈதர் டைப் 0எக்ஸ்0800 சேர்த்து.

ஹெச்பிங்3ல மூல முகவரியைக் கண்டபடி மாத்தி விடுறேன். ஸ்விட்ச் பக்கத்து லாக்ல, உயிரோட இருக்கியான்னு கேட்டு 5 நொடி ஆகியும் பதில் இல்லை, துண்டிக்கிறேன்னு ஒரு வரி வருது. ரியூ பக்கத்துல நீங்க சொன்ன அந்த வார்னிங்கும் அங்கங்க இருக்கு.

#12 தறி

இப்போது முழுப் படமும் வந்துவிட்டது.

சிம்பிள்_ஸ்விட்ச்_13 மேட்ச் போடுவது உள்வரும் போர்ட், இரண்டு மேக் முகவரிகள் மேல். அதை அப்படியே வைத்திருந்தால் உங்கள் வெள்ளம் கன்ட்ரோலருக்கு வந்தே இருக்காது. ஐபி எத்தனை மாறினாலும் மேக் ஒன்றுதான், முதல் ஃப்ளோ விழுந்ததும் மீதி எல்லாம் ஸ்விட்சிலேயே ஓடிவிடும். ஐபி மேல் மேட்ச் போட்டதால் ஒவ்வொரு போலி முகவரியும் புது ஃப்ளோ, ஒவ்வொன்றும் ஒரு பாக்கெட்-இன். உங்கள் ஆய்வுக்கு அது தேவை, அதனால் தப்பென்று சொல்லவில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு ப்ரெடிக்ட் 5 மில்லி செகண்ட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 200 பாக்கெட்-இன் தான் உங்களால் முடியும். வெள்ளம் நொடிக்கு 1000 என்றால் 800 மிச்சம். 128 இடம் உள்ள க்யூ கால் நொடிகூடத் தாங்காது. அதன்பின் ரெசிவ் லூப் உங்கள் வேகத்தில்தான் நகரும். மீதி எல்லாம் கெர்னலின் டிசிபி பஃபரில் வரிசை கட்டும். ஸ்விட்ச் அனுப்பும் எக்கோவும் அதே டிசிபி இணைப்பில்தான் வருகிறது, அதற்கென்று தனி வழி கிடையாது. முன்னால் 1000 பாக்கெட்-இன் நின்றால் எக்கோவைத் தொடவே 5 நொடி ஆகும்.

இதுமட்டும் போதாது. ஓப்பன்-விஸ்விட்ச் (மினிநெட்டில் ஸ்விட்சாக ஓடும் மென்பொருள்) எக்கோ பதிலை மட்டும் பார்ப்பதில்லை. கன்ட்ரோலரிடமிருந்து எந்த மெசேஜ் வந்தாலும் "ஆள் இருக்கிறார்" என்று எடுத்துக்கொள்ளும். 5 நொடி ஒன்றுமே வராவிட்டால்தான் எக்கோ அனுப்பி விசாரிக்கும், இன்னொரு 5 நொடி பார்த்துத் துண்டிக்கும். நீங்கள் ஃப்ளோ-மாட் அனுப்பிக்கொண்டே இருந்திருந்தால் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் கழன்றிருக்காது. தாக்குதல் என்றதும் லாக் எழுதிவிட்டு ரிட்டர்ன் ஆகிறீர்கள். அந்த நேரத்தில் கன்ட்ரோலரிலிருந்து ஸ்விட்சுக்கு ஒரு பைட் கூடப் போவதில்லை. போகக்கூடிய ஒரே மெசேஜான எக்கோ பதில், வரிசையின் வாலில் நிற்கிறது. அதனால்தான் சாதாரண போக்குவரத்தில் நன்றாக ஓடி, சரியாகத் தாக்குதலைக் கண்டுபிடித்த பிறகு விழுகிறது.

#13 வடக்குவாசல்

இதுக்கு இவ்வளவு பெரிய வியாக்கியானமா? ஓப்பன்-விஸ்விட்ச்ல இனாக்டிவிட்டி_ப்ரோப்னு ஒரு செட்டிங் இருக்கு, மில்லி செகண்ட்ல. 60000 போடுங்க, இல்ல 0 போட்டு அணைச்சுடுங்க. வேலை முடிஞ்சுது.

#14 பைத்தான்பாண்டி

முடியாது தலைவரே. ஸ்விட்ச் கழலாது, அவ்வளவுதான். பாக்கெட்-இன் எல்லாம் பல நொடி தாமதமாத்தான் வரும், புதுசா வர்ற நல்ல ஆளோட முதல் பாக்கெட்டும் அதே வரிசையில நிக்கும். தாக்கினவனுக்கு வேண்டியதும் அதுதானே!

க்யூ 128ஐ பெருசாக்கலாமான்னு அடுத்து யாராவது கேட்பாங்க. அதுவும் அதே கதைதான், வரிசை நிக்கிற இடம் கெர்னல்லேருந்து பைத்தானுக்கு மாறும்.

#15 வடக்குவாசல்

சரி, ஒத்துக்கறேன். ஆனா டெமோ அன்னிக்கு கழலாம இருக்கணும்னா நான் சொன்னதைப் போட்டுட்டுப் போங்க. ப்ரொடக்‌ஷன்லயும் ப்ரோப்பைக் கூட்டி வச்சிருக்கிறவங்க உண்டு.

#16 தறி

கூட்டி வைப்பது வேறு, அணைப்பது வேறு. அணைத்தால் கன்ட்ரோலர் தொங்கிப்போனதே ஸ்விட்சுக்குத் தெரியாது. கூட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அது கடைசியாகச் செய்ய வேண்டியது.

கயல், உங்களுக்கு நான் சொல்வது இது. ஹேண்ட்லருக்குள் முடிவெடுக்க வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு வெளியேறுங்கள். சிம்பிள்_மானிட்டர்_13 இல் உள்ளதுபோல ஹப்-ஸ்பானில் ஒரு லூப் வைத்து, சில நொடிகளுக்கு ஒருமுறை ஃப்ளோ ஸ்டாட்ஸ் கேளுங்கள் (அங்கே 10 நொடி வைத்திருக்கிறார்கள், நீங்கள் குறைக்கலாம்). பதிலும் ஒரு ஈவென்டாகத்தான் வரும், மெயின் நிலையில். ஒரு இடைவெளிக்கு ஒரு ப்ரெடிக்ட், முடிந்தது. வெறுமனே ப்ரெடிக்டை ஹப்-ஸ்பானுக்குள் தள்ளினால் மட்டும் பலன் இல்லை. அது சிபியு வேலை, எந்தக் கிரீன் த்ரெட்டில் ஓடினாலும் எல்லோரையும் நிறுத்தும். மாடல் பெரியதென்றால் தனி ப்ராசஸ்.

தாக்குதல் என்று தெரிந்ததும் சும்மா ரிட்டர்ன் ஆகாமல் அந்த உள்வரும் போர்ட்டுக்கு, தாக்கப்படும் இலக்கு ஐபியோடு சேர்த்து, ஆக்‌ஷன் இல்லாத உயர் முன்னுரிமை ஃப்ளோ ஒன்றைப் போடுங்கள். ஹார்ட் டைம்அவுட் கொடுங்கள். அத்தோடு வெள்ளம் ஸ்விட்சிலேயே வடியும். ஓப்பன்-விஸ்விட்சில் கன்ட்ரோலர்_ரேட்_லிமிட் என்று ஒரு வரம்பும் இருக்கிறது, கன்ட்ரோலருக்கு நொடிக்கு இத்தனை பாக்கெட்டுக்கு மேல் அனுப்பாதே என்று சொல்லலாம். அதையும் வைத்துப் பாருங்கள்.

#17 யாழ்_பாக்கெட்

ஒரு சின்னச் சந்தேகம். தாக்குதல் ஒண்டுமில்லாமல், வேகமான ஒரே ஒரு யுடிபி ஓட்டத்துக்கும் பாக்கெட்-இன் கனக்க வருகுது. முதல் பாக்கெட்டுக்கே ஃப்ளோ போட்டாச்சே?

#18 தறி

போட்டாச்சு, ஆனால் போய்ச் சேர நேரம் ஆகும். முதல் பாக்கெட் கன்ட்ரோலருக்கு வந்து, க்யூவில் நின்று, ஹேண்ட்லர் ஓடி, ஃப்ளோ-மாட் திரும்பி ஸ்விட்சில் விழுவதற்குள் பின்னால் வரும் பாக்கெட்கள் எல்லாம் டேபிள்-மிஸ்ஸில்தான் போகும். ஒவ்வொன்றும் ஒரு பாக்கெட்-இன். அதனால் ஒரே ஈவென்ட் பலமுறை வந்தாலும் கெடாதபடி ஹேண்ட்லரை எழுத வேண்டும். பாக்கெட்-இன் எண்ணிக்கையை அப்படியே "புது ஃப்ளோ எண்ணிக்கை" என்று எடுத்தால் என்ட்ரோபி கணக்கும் கோணலாகும், கயலும் கவனிக்கவும்.

#19 கயல்_எஸ்டிஎன்

மாத்திட்டேன் சார். ப்ரெடிக்டை ஸ்டாட்ஸ் பதில் பக்கம் கொண்டுபோனேன், தாக்குதல்னா போர்ட்டுக்கு டிராப் ஃப்ளோ. இப்ப வெள்ளத்துல ஸ்விட்ச் கழலல, ப்ரோப் செட்டிங்கைத் தொடவே இல்லை. யாழ் கேட்டதுக்காக ஒரே ஜோடி ஐபி திரும்ப வந்தா எண்ணாத மாதிரியும் பண்ணிட்டேன்.

கடைசியா ஒண்ணு. கண்டுபிடிக்கிறதை ஒரு ஆப்பாவும், ஸ்விட்ச் வேலையை இன்னொரு ஆப்பாவும் பிரிக்கச் சொல்றாங்க கைடு. ரெண்டுமே பாக்கெட்-இன் வாங்கினா எது முதல்ல ஓடும்? கண்டுபிடிக்கிறது முதல்ல ஓடணும்.

#20 தறி

உறுதி கிடையாது. இரண்டு ஆப், இரண்டு க்யூ, இரண்டு லூப். ஒரே ஆப்புக்குள் ஒரே ஈவென்டுக்கு இரண்டு மெத்தட் இருந்தால் மெத்தட் பெயரின் அகரவரிசையில் ஓடும், ரெஜிஸ்டர்_இன்ஸ்டன்ஸ் அவற்றைப் பெயர் வரிசையில்தான் புரட்டுகிறது. அதை நம்பிப் பெயர் வைக்காதீர்கள், அடுத்தவர் பெயரை மாற்றினால் போச்சு.

வரிசை முக்கியம் என்றால் பாக்கெட்-இன்னைக் கண்டுபிடிக்கும் ஆப் மட்டும் வாங்கட்டும். அது பார்த்து முடித்ததும் உங்கள் சொந்த ஈவென்ட் கிளாஸ் ஒன்றை செண்ட்_ஈவென்ட்_டு_அப்சர்வர்ஸ் மூலம் கிளப்பட்டும், ஸ்விட்ச் ஆப் அதை வாங்கட்டும். செண்ட்_ரிக்வெஸ்ட் வேண்டாம். அது பதில் வரும்வரை நிற்கும். இரண்டு ஆப்பும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று கேட்டால் இரண்டு லூப்பும் பூட்டிக்கொள்ளும், தனக்குத்தானே அனுப்பினாலும் அதே கதி.

வடக்குவாசல் சொன்ன ஓனோஸில் இதற்கு முன்னுரிமை எண் உண்டு, முன்னால் ஓடியவர் கையாண்டுவிட்டாரா என்று இஸ்-ஹேண்டில்டு கேட்டுப் பின்னால் வருபவர் ஒதுங்கலாம். பாக்ஸ் கன்ட்ரோலரில் க்யூவே இல்லை, ஈவென்டை எழுப்பியதும் ஹேண்ட்லர்கள் அங்கேயே வரிசையாக ஓடும், நடுவில் ஒருவர் நிறுத்தவும் முடியும். இந்த ஒரு விஷயத்தில் ரியூதான் பின்தங்கியது.

#21 யாழ்_பாக்கெட்

எனக்கு ரியூவே எழும்புதில்லை. ஈவென்ட்லெட்டில் ஆல்ரெடி_ஹேண்டில்ட் இம்போர்ட் பண்ண ஏலாதெண்டு சொல்லுது.

#22 பைத்தான்பாண்டி

புது ஈவென்ட்லெட்ல அந்தப் பேரை எடுத்துட்டாங்க, ரியூ இன்னும் அதைத் தேடுது. பிப்ல ஈவென்ட்லெட் 0.30.2ன்னு பதிப்பைக் குறிச்சு நிறுவுங்க, எழும்பும். தனி வர்ச்சுவல் என்விரான்மென்ட்ல போடுங்க. பைத்தான் ரொம்ப புதுசா இருந்தா வேற எங்கயாவது இடிக்கும், 3.8 மாதிரி பழசா வச்சுக்குங்க.